பாதி இடம் பிற்பட்டோருக்கு என்று முதலில் உத்தரவிட்ட கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ்

கோலாப்பூர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது தோல் செருப்பு, வெல்லம், மகாலட்சுமி கோவில். மும்பையில் இரவு மகாலட்சுமி எக்ஸ்பிரசில் ஏறிப் படுத்தால் காலையில் கோலாப்பூரில் இறங்கலாம். நவராத்திரிக்கும் வெள்ளிக்கிழமை தரிசனத்துக்கும் அப்படிப் போய் வரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

இறங்கும் ரெயில் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சத்ரபதி சாகு மகராஜ் முனையம் என்று எழுதியிருக்கும். கோவிலுக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு.

இன்று நாடு முழுவதும் பேசப்படும் இடஒதுக்கீட்டுக்கு, அரசாங்க உத்தரவு என்ற உருவத்தை முதன்முதலில் கொடுத்தவர்களில் முன் வரிசையில் நிற்பவர் அவர். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது 1921-ம் ஆண்டு. மைசூர் சமஸ்தானத்தில் நீதிபதி மில்லர் தலைமையில் குழு அமைந்தது 1918-ம் ஆண்டு. கோலாப்பூர் உத்தரவு அவற்றுக்கெல்லாம் முந்தியது. 1902-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

காகல் வீட்டுப் பிள்ளை

சாகு மகராஜ் அரண்மனையில் பட்டத்து இளவரசராகப் பிறந்தவர் அல்ல. கோலாப்பூரை அடுத்த காகல் ஜாகீரை ஆண்ட காட்கே குடும்பத்தில் 1874-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யசுவந்தராவ். தந்தை ஜெய்சிங்கராவ், தாயார் ராதாபாய். மூன்று வயதிலேயே தாயை இழந்தார்.

அப்போது கோலாப்பூர் சிம்மாசனம் சோதனையில் இருந்தது. மன்னர் நான்காம் சிவாஜி மனநிலை பாதிக்கப்பட்டவர் என்று ஆங்கிலேயர்கள் அவரை அகமதுநகரில் காவலில் வைத்திருந்தார்கள். 1883-ம் ஆண்டு டிசம்பரில் அவர் அங்கேயே இறந்தார். பிள்ளை இல்லை. அவருடைய விதவை ஆனந்திபாய், 1884-ம் ஆண்டு மார்ச்சு 17-ந் தேதி யசுவந்தராவைத் தத்து எடுத்துக்கொண்டார். பத்து வயது நிரம்பாத பையன் சாகு என்ற பெயருடன் சத்ரபதி சிவாஜியின் வழிவந்த கோலாப்பூர் கிளைக்கு வாரிசு ஆனான்.

ராஜ்கோட்டில் ராஜகுமார் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படிப்பு. பிறகு தார்வாரில் பிரேசர் என்ற ஆங்கில ஆசிரியரிடம் சரித்திரம், ஆங்கிலம், ஆட்சிமுறை எல்லாம் பயின்றார். 1891-ம் ஆண்டு பரோடாவைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார். மல்யுத்தம் என்றால் உயிர். வேட்டையும் பிடிக்கும். ஆளும் ஆஜானுபாகு.

1894-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வயது இன்னும் இருபது ஆகவில்லை.

பதவிப் பட்டியலில் கண்ட உண்மை

இளம் மன்னர் பொறுப்பு ஏற்றபோது சமஸ்தானத்தின் பொது நிர்வாகத்தில் 71 அதிகாரப் பதவிகள் இருந்தன. அவற்றில் 60 பதவிகளில் பிராமணர்கள் இருந்தனர். மற்ற எல்லாச் சாதியாருக்கும் சேர்த்து மிச்சம் 11. குமாஸ்தா வேலைகள் சுமார் 500 இருந்தன. அவற்றில் பிராமணர் அல்லாதார் 10 பேர்தான்.

மராத்தா மன்னரின் ராஜ்யம். குடிகளில் மிகப் பெரும்பாலோர் மராத்தா, குணபி, லிங்காயத்து, சமணர், முஸ்லிம், மகார், மாங்கு, சாம்பார் மக்கள். வரி கட்டுவது அவர்கள். ஆனால் வரிக் கணக்கை எழுதுவதும், வழக்கை விசாரிப்பதும், மனுவை மேலே அனுப்புவதும் ஒரே வகுப்பார். கிராமத்தில் நிலக் கணக்கு குல்கர்ணி என்ற பரம்பரைக் கணக்கர் கையில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனுக்கு அந்தக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாது.

தகுதி உள்ள வேறு ஆட்கள் இல்லையே என்று பதில் சொன்னார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. படித்தவர்கள் உண்மையிலேயே குறைவு. ஏன் குறைவு? படித்தாலும் உத்தியோகம் இல்லை என்பதால் படிக்க வைப்பார் இல்லை. படிக்காததால் உத்தியோகம் கேட்பார் இல்லை. செக்குமாடு போல இரண்டும் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்பதுதான் மன்னரின் முன் நின்ற கேள்வி.

அவர் தேடிப் பிடித்த முதல் ஆட்களில் ஒருவர் பாஸ்கரராவ் ஜாதவ். எம்.ஏ. படித்த மராத்தா இளைஞர். 1895-ம் ஆண்டு அவரை உயர் பதவியில் அமர்த்தினார். பிறகு லட்டே என்ற சமணப் பட்டதாரி வந்தார். இந்த லட்டே பிற்காலத்தில் கோலாப்பூர் திவானாகவும், 1937-ம் ஆண்டு அமைந்த பம்பாய் மாகாண மந்திரி சபையில் நிதி மந்திரியாகவும் உயர்ந்தார். சாகு மகராஜின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே.

ஆனால் இப்படி ஒருவர் இருவரைப் பொறுக்கி எடுப்பதால் 500 குமாஸ்தா இடங்களின் கணக்கு மாறாது என்பது மன்னருக்குத் தெரிந்திருந்தது.

பஞ்சகங்கைக் கரையில் ஒரு விடியற்காலை

இதற்கிடையே அந்த நூற்றாண்டின் கடைசியில் ஒரு சம்பவம் நடந்தது. கார்த்திகை மாதம். மன்னர் பஞ்சகங்கை ஆற்றில் நீராடுவது வழக்கம். அரண்மனைப் புரோகிதர் கரையில் நின்று மந்திரம் சொல்வார். ஒருநாள் மன்னருடன் சென்றிருந்த ராஜாராம் சாஸ்திரி பாகவத் என்ற பண்டிதர், புரோகிதர் சொல்வது வேத மந்திரம் அல்ல, புராண மந்திரம் என்பதைக் கவனித்து மன்னரிடம் சொல்லிவிட்டார். இந்தப் பண்டிதரும் பிராமணர்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

மன்னர் புரோகிதரை விசாரித்தார். சூத்திரர்களுக்குப் புராண மந்திரம் போதும், அதற்குத் தான் குளித்துவிட்டு வரவேண்டும் என்பதுகூட இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. ஊரை ஆளும் மன்னருக்கே இந்தப் பதில் என்றால், ஊர்க்கோடியில் இருப்பவனுக்கு என்ன பதில் கிடைக்கும்?

மன்னர் உடனே ஆத்திரப்பட்டு யாரையும் தண்டிக்கவில்லை. விசாரணைக் குழு அமைத்தார். அரண்மனைச் சடங்குகள் வேத முறைப்படி நடக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். ராஜோபாத்தியாயர் என்ற தலைமைப் புரோகிதர் மறுத்தார். அவகாசம் கொடுத்தும் இணங்கவில்லை. 1902-ம் ஆண்டு அவருக்கு இருந்த இனாம் நிலங்களும் வருமானமும் பறிமுதல் செய்யப்பட்டன.

மராட்டிய நாடே இரண்டு பட்டது. திலகரின் கேசரி பத்திரிகை மன்னரைக் கண்டித்து எழுதியது. புரோகிதர் தரப்பு பம்பாய் கவர்னர் வரையிலும், வைசிராய் வரையிலும் அப்பீல் செய்தது. ஒன்றும் பலிக்கவில்லை.

வேதோக்த விவகாரம் என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற இந்தச் சம்பவம் மன்னருக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. கிரீடம் தலையில் இருந்தாலும் பிறப்பின் முத்திரை நெற்றியில்தான் இருக்கிறது என்பதே அந்தப் பாடம்.

1902 ஜூலை 26

ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்காக 1902-ம் ஆண்டு சாகு மகராஜ் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது அந்தப் பயணத்தில்தான். அவர் அங்கே இருக்கும்போதே, ஜூலை 26-ந் தேதி, கோலாப்பூர் அரசிதழில் அவருடைய உத்தரவு வெளிவந்தது.

இனிமேல் காலியாகும் பதவிகளில் நூற்றுக்கு ஐம்பது இடங்கள் பிற்பட்ட வகுப்பாருக்கு என்பது அதன் சாரம். பிற்பட்டோர் யார் என்பதற்கும் அதிலேயே விளக்கம் இருந்தது. பிராமணர், பிரபு, சேண்வி, பார்சி ஆகியோரும் இவர்களைப் போல முன்னேறிய மற்றவர்களும் நீங்கலாக எல்லோரும் பிற்பட்டோரே.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய இரண்டு அம்சங்கள் இந்த உத்தரவில் உண்டு.

முதலாவது: எந்த அலுவலகத்தில் பிற்பட்டோர் தொகை பாதிக்குக் கீழே இருக்கிறதோ, அங்கே அடுத்து விழும் காலி இடம் அவர்களுக்கே போகவேண்டும். ஏற்கெனவே இருப்பவரை வீட்டுக்கு அனுப்பும் பேச்சே இல்லை. யாருடைய சோற்றிலும் மண் விழவில்லை. ஆனால் அடுத்த நாற்காலி யாருக்கு என்பது மாறிவிட்டது.

இரண்டாவது: ஒவ்வொரு இலாகாத் தலைவரும் தாம் செய்த நியமனங்களின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பவேண்டும்.

உத்தரவு போடுவது சுலபம். அதைக் கோப்பில் கட்டி வைத்துவிட்டுப் பழைய வழியிலேயே ஆள் எடுப்பதும் சுலபம். காலாண்டுக்கு ஒரு கணக்கு கொடு என்று கேட்டால்தான் அதிகாரியின் பேனா நேராக ஓடும். தபால், ரெயில்வே, துறைமுகம் என்று எந்த இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவரும் இதை ஒப்புக்கொள்வார். இங்கிலாந்தில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மன்னரின் உத்தரவில் இந்த வரி இருந்தது என்பதுதான், அவர் இதை விளம்பரத்துக்காகச் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி.

பலன் தெரிந்தது. 1912-ம் ஆண்டு கணக்கில் பதவிகள் 95 ஆக உயர்ந்திருந்தன. அவற்றில் பிராமண அதிகாரிகள் 35 பேர். மற்ற 60 இடங்களில் மற்றவர்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த 60-க்கு 11 என்ற கணக்கு இப்படித் திரும்பியது.

பிராமணர் மீது பகைமை கொண்டு அவர் இதைச் செய்தார் என்று எதிரிகள் சொன்னார்கள். அவருடைய திவானாக நெடுங்காலம் இருந்த சப்னிஸ், உத்தரவில் விலக்கப்பட்ட பிரபு வகுப்பைச் சேர்ந்தவர். கடைசி வரை மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராகவே இருந்தார்.

குதிரை லாயத்தில் ஒரு பாடம்

சாங்கிலியைச் சேர்ந்த ஒரு வக்கீல் சாதி பார்த்துச் சலுகை தருவது தவறு, தகுதி ஒன்றையே பார்க்கவேண்டும் என்று மன்னரிடம் வாதாடினாராம். மன்னர் பதில் பேசவில்லை. அவரைக் குதிரை லாயத்துக்கு அழைத்துச் சென்றார். குதிரைகள் எல்லாவற்றுக்கும் வாயில் தனித்தனிப் பையில் கொள்ளு கட்டியிருந்தது. அந்தப் பைகளை அவிழ்த்து, கொள்ளு முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டும்படி லாயக்காரர்களிடம் சொன்னார்.

கொழுத்த குதிரைகள் பாய்ந்து வந்து உதைத்தும் கடித்தும் தின்றன. நோஞ்சான் குதிரைகளும் குட்டிகளும் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. தனித்தனிப் பை ஏன் கட்டுகிறோம் என்பது வக்கீலுக்குப் புரிந்தது. மனிதர்களைக் குதிரைகளோடு ஒப்பிடலாமா என்று அவர் மேலும் கேட்டிருக்கலாம். ஆனால் பதில் இல்லாமல் திரும்பினார் என்றுதான் கோலாப்பூர்க்காரர்கள் இந்தக் கதையை முடிப்பார்கள்.

ஊர் நிறைய விடுதிகள்

பாதி இடம் என்று சொல்லியாகிவிட்டது. அந்த இடத்துக்கு வர ஆள் வேண்டுமே! உத்தரவுக்கு முந்திய ஆண்டே மன்னர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

கிராமத்துப் பையன் படிக்கவேண்டுமானால் கோலாப்பூர் நகரத்துக்கு வரவேண்டும். வந்தால் தங்க இடம்? சாப்பாடு? பிராமண மாணவனுக்கு உறவினர் வீடு இருக்கும், வாரச் சாப்பாடு போடும் வீடுகள் இருக்கும். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. 1896-ம் ஆண்டு எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக ஒரு விடுதியைத் திறந்து பார்த்தார். சில ஆண்டுகளில் அது ஒரே வகுப்பு மாணவர்கள் விடுதி ஆகிவிட்டது.

எனவே வேறு வழியில் போனார். அந்தந்தச் சமூகத்தாரையே கூட்டி, இடமும் பணமும் கொடுத்து, நிர்வாகத்தை அவர்களிடமே விட்டார். 1901-ம் ஆண்டு விக்டோரியா மராத்தா விடுதி. அதே ஆண்டு சமணர் விடுதி. 1906-ல் முஸ்லிம் விடுதி. 1907-ல் லிங்காயத்து விடுதி. 1908-ல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மிஸ் கிளார்க் விடுதி. தையல்காரர், பொற்கொல்லர் என்று தொழில் வகுப்பாருக்கும் விடுதிகள் எழுந்தன.

சாதிக்கு ஒரு விடுதி வைத்தால் சாதி வளராதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நியாயமான கேள்விதான். பொது விடுதி தோற்றதைக் கண்ணால் கண்ட பிறகே மன்னர் இந்த வழியை எடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த விடுதிகளில் படித்த பையன்கள் வெளியே வந்து தங்கள் சாதிக்கு மட்டுமே உழைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சமணர் விடுதியில் தங்கிய பாவுராவ் பாட்டீல்தான் 1919-ம் ஆண்டு ரயத் சிட்சண் சன்ஸ்தா என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கி, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர்.

வராத பெற்றோருக்கு ஒரு ரூபாய் அபராதம்

விடுதி என்பது உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பையனுக்கு. ஆரம்பப் பள்ளிக்கே வராதவன் கதி என்ன? 1917-ம் ஆண்டு கட்டாய இலவச ஆரம்பக் கல்வி உத்தரவு பிறந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். கூலிக்காரனுக்கு அன்று ஒரு ரூபாய் என்பது பெரிய தொகை.

தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1919-ம் ஆண்டு அவற்றை மூடச் சொன்னார். மூடியது படிப்பை நிறுத்த அல்ல. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்காரவேண்டும் என்பதற்காக.

பெண்கள் விஷயத்தையும் அவர் மறக்கவில்லை. 1917-ல் விதவை மறுமணத்துக்குச் சட்டம், 1919-ல் கலப்பு மணத்துக்குச் சட்டம், 1920-ல் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்குத் தடை. சொந்த வீட்டில் பேரிடி விழுந்தபோதும் தம் கொள்கையை விடவில்லை. 1918-ம் ஆண்டு இளைய மகன் சிவாஜி காட்டுப்பன்றி வேட்டையில் விபத்துக்கு உள்ளாகி இறந்தார். விதவையான மருமகள் இந்துமதி சின்னஞ்சிறு பெண். அரண்மனையில் இருந்த எதிர்ப்பை மீறி அவரைப் படிக்க வைத்தார்.

மிகக் கீழே இருப்பவன் பங்கு

1902 உத்தரவில் ஒரு குறை உண்டு. பிற்பட்டோர் என்ற ஒரே பந்தியில் நிலம் உள்ள மராத்தாவும் இருந்தார், நிலமே இல்லாத மாங்கும் இருந்தார். படித்த ஆள் முதலில் கிடைத்தது மராத்தா, சமணர், லிங்காயத்து வகுப்பில்தான். அலுவலகக் கதவு முதலில் திறந்ததும் அவர்களுக்குத்தான். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கதவு வரை நடந்து வருவதற்கே வழி இல்லாமல் இருந்தது.

கடைசி ஐந்து ஆண்டுகளில் சாகு மகராஜ் தம் கவனம் முழுவதையும் அந்தப் பக்கம் திருப்பினார். மகார்கள் கிராம ஊழியம் என்ற பெயரில், ஒரு துண்டு நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக அடிமை வேலை செய்து வந்தார்கள். 1918-ம் ஆண்டு அந்த வதன் முறையை ஒழித்து நிலத்தை அவர்கள் பெயருக்கே மாற்றினார். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் நாள்தோறும் சாவடியில் வந்து ஆஜர் கொடுக்கவேண்டும் என்றிருந்த விதியையும் அதே ஆண்டு நீக்கினார். குல்கர்ணிகளின் பரம்பரை உரிமையை நீக்கி, சம்பளத்துக்கு வேலை செய்யும் தலாட்டிகளை நியமித்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அந்தப் பதவி கிடைத்தது. அவர்களில் படித்தவர்களுக்கு வக்கீல் தொழில் நடத்த சன்னதும் தந்தார்.

பொதுக் கிணறு, ஆஸ்பத்திரி, சத்திரம், அலுவலகம் எங்கும் தீண்டாமை பார்க்கக்கூடாது என்று 1919-ல் உத்தரவுகள் வந்தன. உத்தியோகத்தில் சேர்ந்த தாழ்த்தப்பட்டவர்களை அதிகாரிகள் அன்போடும் சமமாகவும் நடத்தவேண்டும், முடியாது என்று நினைப்பவர்கள் ஆறு வாரத்துக்குள் ராஜினாமா கொடுத்துவிடலாம், அவர்களுக்குப் பென்சன் கிடையாது என்று மன்னர் அறிவித்தார். பென்சன் என்ற சொல்லுக்கு இருக்கும் பலம் உத்தியோகஸ்தர்களுக்குத் தெரியும்!

கங்காராமின் டீக்கடை

உத்தரவால் மாறாததும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்கு கங்காராம் காம்பளே என்பவரின் கதையே போதும்.

கங்காராம் அரண்மனை லாயத்தில் வேலை பார்த்த மகார். மேல்சாதியாருக்கு உரிய தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிட்டார் என்று மற்ற வேலைக்காரர்கள் அவரை நையப் புடைத்துவிட்டார்கள். மன்னர் அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் கங்காராம் போய் அழுதார். அடித்தவர்களுக்கு மன்னர் கையாலேயே சவுக்கடி கிடைத்தது. பிறகு கங்காராமை லாய வேலையிலிருந்து விடுவித்து, சொந்தமாகத் தொழில் செய்யப் பணம் கொடுத்தார்.

கங்காராம் நகரத்தின் நடுவிலே ஒரு டீக்கடை வைத்தார். சுத்தமான கடைதான். ஆனால் ஒரு ஈ, காக்கை எட்டிப்பார்க்கவில்லை. மகார் கையால் டீ குடிப்பார் யார்? செய்தி மன்னர் காதுக்கு எட்டியது. மறுநாள் அவருடைய குதிரை வண்டி கடை வாசலில் நின்றது. கங்காராமைக் கூப்பிட்டு டீ கேட்டு, நடுத்தெருவில் எல்லோரும் பார்க்கக் குடித்தார். உடன் வந்த பெரிய மனிதர்களுக்கும் கொடுக்கச் சொன்னார். மன்னரே குடிக்கும்போது மறுப்பது எப்படி? கையெழுத்துக் கேட்டு வருபவர்களைக்கூட அந்தக் கடைக்கு வரச்சொல்லி, டீ குடித்த பிறகே கையெழுத்துப் போடுவார் என்று சொல்வார்கள். சோடா தயாரிக்கும் இயந்திரமும் வாங்கிக் கொடுத்தார். கடை பிழைத்தது.

வேலைக்கு உத்தரவு போதும். ஒரு டம்ளர் டீக்கு மன்னரே நேரில் வரவேண்டியிருந்தது!

பரேல் சாலில் மன்னர்

பம்பாய் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழும் சால் ஒன்றில் அப்போது ஒரு பேராசிரியர் குடியிருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தும், தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று உடன் வேலை பார்ப்பவர்களால் ஒதுக்கப்பட்டவர். டாக்டர் அம்பேத்கர்தான் அவர். சாகு மகராஜ் அந்தச் சாலுக்கே தேடி வந்து அவரைச் சந்தித்தார்.

அம்பேத்கர் 1920-ம் ஆண்டு சனவரி 31-ந் தேதி மூக்நாயக் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு மன்னர் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். அதே ஆண்டு மார்ச்சு மாதம் காகல் ஜாகீரில் உள்ள மாண்காவ் என்ற ஊரில் தாழ்த்தப்பட்டோர் மாநாடு நடந்தது. தலைமை அம்பேத்கர். மேடைக்கு வந்த மன்னர், உங்கள் தலைவரை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அவர் இந்தியா முழுவதற்கும் தலைவராக வருவார் என்ற கருத்தில் பேசினார். அப்போது அம்பேத்கருக்கு வயது 28. அவரைப் பம்பாயிலேயே பலர் அறியாத காலம் அது. பிறகு லண்டனில் படிப்பை முடிக்க அம்பேத்கர் புறப்பட்டபோதும் மன்னரின் கை நீண்டது.

உதவி கேட்டு அரண்மனை வாசலில் நின்றவர்களுக்குக் கொடுத்த மன்னர்கள் நாட்டில் பலர். கொடுக்கவேண்டியவரைத் தேடிச் சாலின் படி ஏறியவர் இவர்.

அணையும் சந்தையும்

ஏழைக்கு உத்தியோகம் மட்டும் போதாது, பிழைப்பும் வேண்டும். அதற்கான காரியங்களும் நடந்தன. பஞ்சமும் பிளேக்கும் தாக்கிய ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் மலிவு விலைத் தானியக் கடைகளைத் திறந்தார். கோலாப்பூர் வெல்லத்துக்குப் பேர் வாங்கித்தந்த சாகுபுரி சந்தை அவர் உருவாக்கியது. 1906-ல் நூற்பு நெசவு ஆலை தொடங்கினார். போகாவதி ஆற்றின் குறுக்கே ராதாநகரி அணைத் திட்டத்தை வகுத்தார். பணமுடையால் பாதியில் நின்ற அணை, சுதந்திரத்துக்குப் பிறகுதான் முழுமை பெற்றது. இன்று கோலாப்பூர் வட்டாரத்துக் கரும்பு வயல்களில் பாயும் தண்ணீரில் அவர் பங்கு உண்டு. காஸ்பாக் மல்யுத்த மைதானமும் அவர் காலத்தது.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். ஆங்கிலேயருக்கு மிகவும் வேண்டியவராக நடந்துகொண்டார், சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் நிற்கவில்லை என்பது பெரிய குறை. அது உண்மைதான். ஆங்கில ஆட்சியின் ஆதரவு இல்லாமல் உள்ளூர் எதிர்ப்பைச் சமாளிக்க முடியாது என்று அவர் கணக்குப் போட்டார். எல்லாமே மன்னரின் ஒரு கையெழுத்தில் நடந்ததால், மன்னர் மாறினால் என்ன ஆகும் என்ற அச்சமும் இருந்தது. மக்கள் சபையில் விவாதித்து இயற்றிய சட்டங்கள் அல்ல அவை.

48 வயது நிரம்பும் முன்

1919-ம் ஆண்டு கான்பூரில் நடந்த குர்மி மாநாட்டில் சாகு மகராஜுக்கு ராஜரிஷி என்ற பட்டம் கொடுத்தார்கள். பின்னாளில் கான்பூர் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

1922-ம் ஆண்டு மே 6-ந் தேதி பம்பாய் கேத்வாடியில் தங்கியிருந்த இடத்தில் சாகு மகராஜ் காலமானார். 48 வயது நிரம்பவில்லை. ஆட்சி செய்தது 28 ஆண்டுகள். கிர்காவ் பக்கம் நடமாடும் நம்மவர்கள் எத்தனையோ முறை அந்தத் தெருக்களைக் கடந்திருப்பார்கள்.

அவர் போட்ட வித்து பிறகு பல வயல்களில் முளைத்தது. மைசூரிலும் சென்னையிலும் உத்தரவுகள் வந்தன. 1950-ல் அரசியல் சட்டம் வந்தது. அதை வரைந்த குழுவின் தலைவர், மாண்காவ் மேடையில் மன்னர் சுட்டிக்காட்டிய அதே அம்பேத்கர். சென்னை வகுப்புவாரி உத்தரவு கோர்ட்டில் செல்லாது என்று ஆனபோது, 1951-ல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. மண்டல் பரிந்துரை 1990-ல் மத்திய அரசுப் பணிகளுக்கு வந்தது. 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்த உச்சவரம்பும் நூற்றுக்கு ஐம்பதுதான். 90 ஆண்டுகளுக்கு முன்பு கோலாப்பூர் அரசிதழில் வந்த அதே எண்.

மராட்டிய மாநில அரசு அவருடைய பிறந்த நாளான ஜூன் 26-ஐச் சமூகநீதி நாளாகக் கொண்டாடுகிறது. பாராளுமன்ற வளாகத்தில் அவருக்கு 2009-ம் ஆண்டு சிலை வைக்கப்பட்டது.

எண்களைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. யாருக்கு எவ்வளவு என்று கோர்ட்டுகளில் வாதம் நடக்கிறது. சாகு மகராஜின் ஆட்சி அந்தச் சண்டைக்கு நேரான தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலை முறையைக் காட்டியது. காலி இடத்தில் பங்கு கொடு. அந்தப் பங்கைப் பெற வருபவனுக்குப் பள்ளியும் விடுதியும் கொடு. கொடுத்தாயா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன் தராது.

அடுத்த முறை மகாலட்சுமி தரிசனத்துக்குக் கோலாப்பூர் போகிறவர்கள், கசபா பாவடாவில் அவர் பிறந்த லட்சுமி விலாஸ் மாளிகையையும் ஒரு நடை பார்த்து வரலாம். கூடவே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நம் வீட்டில் முதலில் படித்து உத்தியோகத்துக்குப் போனவர் யார், அவருக்கு அந்த வழி எப்படித் திறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.